அடிமை நாடகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்

சார், நீங்கள் மேடையில் சொன்னது பொய். வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகிவிட்டது என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். தெரிந்து சொன்ன பொய்.

கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் புத்தக விழா நடத்தியிருக்கிறார்கள். உங்களுக்குப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடியோ நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கரிசல் காட்டு நடுவில் இருந்த பள்ளிக்கூடத்தில் அடிமை ஒழிப்புக் கதை ஒன்றை நாடகமாகப் போட்டேன் என்கிறீர்கள். தப்பி ஓடி வந்த அடிமைப் பெண்ணாகக் காலனிப் பிள்ளை நடித்தாளாம். மேலத்தெருப் பிள்ளை அவளுக்குத் தன் வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாளாம். அவள் வாய் வைத்துக் குடித்தாளாம். ஊரே கண் கலங்கிப் பார்த்ததாம். "அந்தப் பிள்ளையோட குரல் இன்னைக்கும் என் காதுக்குள்ள கேக்குது" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மண்டபம் கைதட்டியது. குழுவில் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அந்தக் காலனிப் பிள்ளை நான். நான் அந்த வேஷத்தில் மேடை ஏறவில்லை. ஏற்றாமல் விட்டது நீங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

பசுவந்தனைப் பக்கத்து ஊர் எங்களுடையது. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, பெய்யாவிட்டால் வேலிக்கருவை. சார் எங்களுக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் வாத்தியார். நல்ல வாத்தியார் என்று ஊரில் பெயர். அடிக்க மாட்டார். கழுகுமலையிலிருந்து பஸ் மாறி, நேரத்துக்கு வந்துவிடுவார். மேசை டிராயரில் புத்தகம் வைத்திருப்பார். எங்கள் ஊரில் டிராயரில் பிரம்பு வைக்காத வாத்தியார் அவர் ஒருவர்தான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

அந்தப் புத்தகத்தையும் அவரால்தான் படித்தேன். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒருத்தியின் கதை. யாரோ சுருக்கித் தமிழில் எழுதியிருந்தார்கள். அட்டை போய், முதல் பக்கங்கள் போய், மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்கும். பெயர் பின்னால் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதப் போவதில்லை. எழுதியவர் கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்ச் சங்கதிக்குள் அவரை ஏன் இழுக்க வேண்டும்.

சார், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நீங்கள் அதை வாசிப்பீர்கள். நன்றாகத்தான் வாசிப்பீர்கள். சாட்டையடி வருகிற இடத்தில் உங்கள் குரல் கம்மும். "மனுசனை மனுசன் இப்படியா நடத்துவான்" என்று எங்களைப் பார்த்துக் கேட்பீர்கள். அப்புறம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலனிப் பிள்ளைகளாகப் பார்த்து, போய்க் கக்கூஸைக் கழுவிவிட்டு வாருங்கள், திங்கட்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறது என்பீர்கள். நாங்கள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும்போது அந்தப் பெண் வேறொரு பண்ணைக்கு விற்கப்பட்டிருப்பாள். எப்போது விற்றார்கள், யார் விற்றார்கள் என்று எங்களுக்கு மட்டும் தெரியாது. பக்கத்துப் பையனிடம் கேட்டால், "நீங்க கழுவப் போனப்ப வித்துட்டாங்க" என்பான்.

விட்டுப்போன அத்தியாயங்களைப் படிக்க வேண்டும் என்றுதான் புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டேன். கொடுத்தீர்கள். வீட்டில் வைத்துப் படிக்கவில்லை. காட்டில் படித்தேன்.

எங்கள் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். வேலிக்கருவையை வெட்டி, துண்டு போட்டு, கூம்பாக அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைப்பார். உள்ளே புழுங்கிப் புழுங்கி விறகு கரியாக வேண்டும். மேல்மண்ணில் வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் மொத்தமும் எரிந்து சாம்பலாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் மூட்டத்துக்குக் காவல் நான். வெடிப்பு விழுகிற இடத்தில் ஈரமண்ணை அப்ப வேண்டும். புகை வெள்ளையாக வருகிறவரை வேலை இருக்கிறது. நீலமாக வந்தால் கரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் படிப்பேன், தலையைத் தூக்கிப் புகையைப் பார்ப்பேன், மறுபடி படிப்பேன். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தை நினைத்தால் கருவைப் புகை நெடிதான் வருகிறது.

அதில் என்னைத் தூக்கிப் போட்டது சாட்டையடி இல்லை. அவர்கள் பருத்தி எடுத்தார்கள் என்பதுதான். அடிமை என்றால் சங்கிலி, கப்பல், இருட்டறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் எங்கள் அம்மா செய்கிற வேலை. காலையில் இறங்கி வெயில் தாழும்வரை குனிந்து பருத்தி எடுக்கிறார்கள். வெடித்த பருத்திக்காயின் ஓடு விரல் நுனியைக் கிழிக்கிறது. எங்கள் அம்மா விரல்களும் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காக்காரிக்குக் கிழிந்ததைப் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் அம்மா மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கதை சொன்னேன். அவளுக்கு வேறு சந்தேகங்கள்.

"அங்கன பருத்திய மடியில கெட்டுவாளுகளா, சாக்குல போடுவாளுகளா?"

கழுத்தில் பை மாட்டிக்கொள்வார்கள் என்றேன்.

"அது நல்லதுதான். இடுப்பு வலிக்காது. மத்தியானம் கஞ்சி குடிக்க விடுவானா?"

விடுவான், ஆனால் ரொம்ப நேரம் உட்கார விட மாட்டான் என்றேன். "இங்க மட்டும் பாயி விரிச்சுக் குடுக்கானாக்கும்" என்றாள். அதோடு அவள் இலக்கிய விமரிசனம் முடிந்தது.

ஆண்டு விழாவுக்கு இந்தக் கதையை நாடகமாகப் போடலாம் என்று நீங்கள் சொன்னதும் வகுப்பே துள்ளியது. அடுத்து அடிமைகளைத் தேர்ந்தெடுத்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "கறுப்பா இருக்கிற பிள்ளைக எந்திரிங்க" என்றீர்கள்.

கரிசல் காட்டில் யார் சார் சிவப்பு? அந்த வகுப்பில் ஓரிருவர் தவிர எல்லாரும் கறுப்பு. மேலத்தெருவில் ஒரு பையன் இருந்தான். அவன் இருட்டில் சிரித்தால்தான் ஆள் இருப்பதே தெரியும் என்று அவன் கூட்டாளிகளே கேலி பண்ணுவார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தது நாங்கள், காலனிப் பிள்ளைகள். எங்களில் ஒருத்தி மாநிறம், அவளும் எழுந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கேள்வி எதைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கறுத்த பையனை நீங்கள் பண்ணை முதலாளியாகப் போட்டீர்கள். பவுடர் போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள்.

அடிமைகளுக்கு வசனம் இல்லை. சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து நடக்க வேண்டும், அடி விழுந்தால் ஐயோ என்று சொல்ல வேண்டும். ஒத்திகை முடிந்ததும் பெஞ்சுகளைத் திருப்பிப் போடுவதும் நாங்கள்தான். ஏற்கெனவே வேஷத்தில் இருக்கிறோமே, தனியாக ஆள் எதற்கு.

தப்பி ஓடுகிற பெண்ணுக்குத்தான் வசனம். அதை யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் யோசித்தபோது, புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்று நானே எழுந்து சொன்னேன். சோதித்துப் பார்த்தீர்கள். எந்த இடத்தில் தொட்டாலும் சொன்னேன். உங்களுக்குச் சந்தோஷம். "நீதான் ஏட்டி அவ" என்றீர்கள். அந்த வார்த்தைக்கு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

இனி டம்ளர்.

கதையில் அவள் ஓடி வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வெள்ளைக்காரி ஒருத்தி திறக்கிறாள். தான் குடிக்கிற பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கிறாள். ஓடி வந்தவள் அதில் வாய் வைத்துக் குடிக்கிறாள். பாதி குடித்ததும் என்ன செய்துவிட்டோம் என்று பயந்து பாத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்காரி அதை வாங்கி, மிச்சத் தண்ணீரைத் தான் குடிக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மூட்டத்துக்குப் பக்கத்தில் அழுதது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஊர் வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்களில் யாரும் அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்க மாட்டோம். அண்ணாந்துதான் குடிப்போம். சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே எச்சில் எச்சில்தான். ஆனால் காலனிக்காரர் மேலத்தெருவில் தண்ணீர் கேட்டால் டம்ளரே வராது. கையைக் குவித்துப் பிடிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். அமெரிக்காவில் அந்தக் காட்சி ஒரு நல்ல மனுஷியின் கதை. எங்கள் ஊரில் அது ஒரு கலவரம்.

உங்களுக்கு அது தெரியும். அதனால்தான், குவித்த கையில் ஊற்றினால் ஊரே புரிந்துகொள்ளும், டம்ளரில் வாய் வைத்தால் ஊரே கோபப்படும் என்று, நடுவாக ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். டம்ளரைக் கொடு, ஆனால் அண்ணாந்து குடி என்றீர்கள். மிச்சத் தண்ணீரை அவள் செடிக்கு ஊற்றிவிடட்டும் என்றீர்கள். அமெரிக்க வீட்டில் திடீரென்று ஒரு செடி முளைத்தது.

ஓடி வந்தவள் மூச்சு வாங்குகிறாள், அண்ணாந்தால் புரையேறாதா என்று நான் கேட்டேன். புத்தகத்தில் வாய் வைத்தாள் என்றுதான் இருக்கிறது என்றேன். "புத்தகம் வேற, ஊரு வேற" என்றீர்கள்.

வெள்ளைக்காரியாக நடித்தவள் மேலத்தெருப் பிள்ளை. அவள் அப்பாவுக்கு நிலபுலன் உண்டு. நல்ல பிள்ளை; என்னிடம் பென்சில் வாங்கினால் திருப்பித் தருவாள். வெறுங்கையோடு நடந்த ஒத்திகையெல்லாம் முடிந்து, அவள் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள். பெயர் வெட்டிய டம்ளர். அன்று வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு ஒத்திகை பார்த்தோம். நான் ஓடி வந்தேன், கதவைத் தட்டினேன், வசனம் சொன்னேன். அவள் டம்ளரை நீட்டினாள். நான் வாய் வைத்துக் குடித்தேன்.

வீம்புக்குச் செய்யவில்லை. திட்டமும் இல்லை. அந்த நேரத்தில் நான் அந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான். அவளும் இல்லை போலிருக்கிறது. டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை மடமடவென்று குடித்துவிட்டாள். செடியை மறந்துவிட்டாள்.

பவுடர் முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நீங்கள் திட்டவில்லை, சார். "சரி, அடுத்த காட்சி" என்றீர்கள். உங்கள் கண் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். ஒன்றும் புரியாத ஆளாக இருந்தால் அன்றே விட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பிரேயர் முடிந்து நாங்கள் வகுப்புக்குப் போகும்போது வேப்பமரத்தடியில் உங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

"உனக்குக் குரல் பத்தாது, ஏட்டி. மைதானம் பெரிசு. பின்னால இருக்கவனுக்குக் கேக்காது" என்றீர்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்திருந்த வசனத் தாளைத் திருப்பி நீட்டினேன்.

"ஆனா உனக்குத்தான் எல்லா வசனமும் தெரியும். ஓரமா நின்னு எடுத்துக் குடு. அதுவும் பெரிய வேலைதான்."

சரி சார் என்றேன்.

வெள்ளைக்காரியாக இருந்த பிள்ளை அடிமையானாள். வேறொரு மேலத்தெருப் பிள்ளை வெள்ளைக்காரியானாள். ஒரே தெருவுக்குள் டம்ளர் போய் வந்தது, அதிலும் அண்ணாந்துதான். பெயர் வெட்டிய டம்ளர் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. உங்கள் மேசையில் சாக்பீஸ் போட்டு வைத்திருந்தீர்கள்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. புது அடிமை சிவப்பு. வயக்காட்டுப் பக்கம் போகாத பிள்ளை. அவளைக் கறுப்பாக்க வேண்டும். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"உங்க அப்பா கரிதான போடுதாரு? நல்ல கரியா நாலு துண்டு கொண்டாந்துரு."

கொண்டுவந்தேன். அப்பாவிடம் கேட்டபோது, எதுக்கு என்றார். ஒரு பிள்ளையைக் கறுப்பாக்குவதற்கு என்றேன். அப்பாவுக்கு வேஷம் போனது தெரியும். சிரித்துவிட்டார். "நீ இங்கன நிக்கையில அவளுக்குக் கரி பூசுதாங்களா? அமெரிக்காக்காரன் தேவலையே" என்றார். ஆனாலும் நல்ல கரியாகத்தான் பொறுக்கிக் கொடுத்தார். கெட்ட கரி கொடுத்தால் தொழிலுக்குக் கேவலம்.

நான் அதை அரைத்துக் கொடுத்தேன். பூச விடவில்லை. அவள் அம்மாவே வந்து தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். முகத்துக்கும் முழங்கைவரைக்கும். பாதத்தை மறந்துவிட்டார்கள். வெள்ளிக் கொலுசோடு அமெரிக்க அடிமை தயாரானாள்.

விழா சாயங்காலம். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி முதலாளி ஒருவர் சிறப்பு விருந்தினர். ஊர் முழுக்க வந்திருந்தது. மேலத்தெரு நாற்காலியில், காலனி பின்னால் தரையில். மேடைக்கு ஓரத்தில் தட்டி மறைவில் நான் நின்றேன். பக்கத்திலேயே அறிவிப்புச் சொல்கிற மைக் ஸ்டாண்டில் நின்றது.

அடிமைகள் குனிந்து போனார்கள், அடி வாங்கினார்கள், ஐயோ என்றார்கள். அவர்களுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. கறுத்த முதலாளி வெள்ளைப் பவுடரில் நின்று, "ஏ கருங்காலி அடிமைகளே" என்று கத்தினான். கூட்டம் கைதட்டியது. அப்புறம் ஓடி வந்தவள் மேடைக்கு வந்தாள். விளக்குச் சூட்டில் எண்ணெய் இளகி, கரி கோடு கோடாக வழிந்தது. கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணைக் கசக்கினாள். வசனம் மறந்துபோயிற்று.

எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதையோ, அதை யாரும் அணைக்கவில்லை என்பதையோ யோசிக்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னேன்.

"அம்மணி, என் கைகள் பறித்த பஞ்சில்தான் உங்கள் தேசத்தின் ஆடைகள் அனைத்தும் நெய்யப்பட்டன. ஆனால் என் முதுகை மறைக்க எனக்கு ஒரு முழத் துணி இல்லை."

மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் என் குரல் போனது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தினேன். நீங்கள் எதிர்ப்பக்கத் தட்டியிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், மைக்கைப் பார்த்தீர்கள். கையை மேலும் கீழும் ஆட்டிச் சொல்லு, சொல்லு என்று ஜாடை காட்டினீர்கள். நான் சொன்னேன். மிச்ச வசனம் முழுக்க நான் சொன்னேன். அவள் வாயை அசைத்தாள். கூட்டம் அசையாமல் கேட்டது.

தீப்பெட்டி முதலாளி பேசும்போது, அந்தப் பிள்ளையின் குரல் கணீரென்று இருந்தது, கடைசி வரிசைவரை கேட்டது என்றார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் எப்படியெல்லாம் கொடுமை இருந்திருக்கிறது, நம் நாடு புண்ணிய பூமி, இங்கே அப்படியெல்லாம் கிடையாது என்றார். சிறந்த நடிகைக்கு ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார். நீங்கள் பக்கத்தில் நின்று கைதட்டினீர்கள். அடிமைகளுக்கு ஆளுக்கொரு பேனா.

மேடைக்குப் பின்னால் அவள் மண்ணெண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"நீ சொல்லலன்னா நான் செத்தேன், ஏட்டி" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உனக்குக் குரல் பத்தாதுன்னா சாரு சொன்னாரு? அது இல்ல. நான் ஒன் எச்சியக் குடிச்சத யாரோ எங்கம்மாட்ட சொல்லிட்டாங்க. சாதியெல்லாம் பாக்கல சார், சுத்தம்தான் பாக்குதோம், ஆனா அவ இருந்தா எம்பிள்ள நடிக்க மாட்டான்னு எங்கம்மா சொன்னா. சாரு ஒடனே சரின்னுட்டாரு."

உடனே. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கொஞ்சம் வாதாடினார், முடியவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அப்பா அன்று நாடகத்துக்கு வரவில்லை. மூட்டத்தை விட்டுவிட்டு வர முடியாது. "காடு வரைக்கும் ஒஞ்சத்தம் கேட்டுச்சு. மொதல்ல யாரோன்னு நெனச்சேன்" என்றார்.

ஆனால் பாருங்கள், காரணம் தெரிந்த பிறகும் குரல் பத்தாது என்பதைத்தான் நான் நம்பினேன். சொன்னது வாத்தியார் இல்லையா. மேற்கொண்டு படிக்கப் போன பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கல்லூரியில் கருத்தரங்கு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், வேறு பிள்ளை வாசித்தாள். இன்றைக்கும் கூட்டத்தில் மைக்கை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்துவிடுவேன். டம்ளரால் வந்தது என்று என் மண்டைக்குத் தெரியும். தொண்டைக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் டிசைனும் செய்கிறோம். வீடியோவில், அந்தப் பிள்ளை இப்போ எங்கே இருக்கிறாளோ, நல்லா இருப்பா என்று வாழ்த்தினீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன், சார். வருஷா வருஷம் பென்ஷன் காகிதத்தை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்கிறீர்கள். "ஏம்மா, கொஞ்சம் தெளிவா எடு" என்பீர்கள். எடுத்துக் கொடுப்பேன். குரலைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், முகத்தை இல்லை போலிருக்கிறது. நானும் கடையில் அதிகம் பேசுவதில்லை.

வீடியோவுக்குக் கீழே குழுவில் ஒரு வரி எழுதினேன். அந்த வேஷத்தில் நடித்தது யார், சார், என்று மட்டும். கொஞ்ச நேரத்தில் அட்மின் அதை அழித்துவிட்டார். பழைய மாணவர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டிய இடத்தில் சாதியைக் கிளப்பக் கூடாது என்று ஒரு அறிவிப்பும் வந்தது. நான் சாதி என்ற சொல்லையே எழுதவில்லை. அட்மினுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அட்மின் யார் என்றால், பவுடர் போட்ட முதலாளிதான்.

அன்று கரி பூசிக்கொண்டவள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். இன்னும் நல்ல பிள்ளைதான். "அது நீதான்னு எனக்குத் தெரியாதா, ஏட்டி? ஆனா குரூப்புல எப்படிச் சொல்ல? எங்கம்மாவும் அங்க படிச்சவங்கதான, அதுல இருக்காங்க" என்றாள். அவள் மகள் பள்ளிக்கூடத்தில் இப்போது அதே புத்தகம் இங்கிலீஷில் பாடமாம். பிள்ளை படித்துவிட்டு அழுதாளாம். நல்லது என்றேன்.

பொங்கலுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் சந்திப்பு. உங்களுக்குப் பாராட்டு. ஃப்ளெக்ஸ் ஆர்டர் என் கடைக்குத்தான் வந்திருக்கிறது. உங்கள் படம், பக்கத்தில் ஒரு டம்ளர் படம், கீழே 'சமத்துவம் ஊட்டிய ஆசான்' என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டு, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வேலை வேலைதான். என் கோபத்துக்காக ஆர்டரைக் கெடுக்க மாட்டேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். தனியாகக் கடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டாம். அப்படி வந்தால் ஜெராக்ஸ் மட்டும்தான் எடுத்துக் கொடுப்பேன். மூடிய வகுப்பறையில் நடந்ததை மேடையில் நடந்ததாகச் சொல்கிறீர்கள். அது மேடையில் நடந்துவிடக் கூடாது என்று தடுத்தவரும் நீங்களே. அந்த அம்மா கேட்டார்கள், நீங்கள் உடனே சரி என்றீர்கள். யாருக்குப் பயந்தீர்கள்? அந்த அம்மாவுக்கா, ஊருக்கா, வேலை போய்விடும் என்றா? அல்லது பயமே இல்லாமல், அதுதான் சரி என்று உங்களுக்கும் பட்டதா?

எதுவாக இருந்தாலும் சரி. சந்திப்பன்று மேலத்தெருவும் வரும், காலனியும் வரும். முதலாளி வேஷக்காரர் அட்மினாக முன்வரிசையில் இருப்பார். பொன்னாடை போர்த்தியதும் பேச அழைப்பார்கள். நாடகத்தைப் பற்றித்தான் பேசுவீர்கள். அப்போது, இத்தனை பேருக்கும் முன்னால், என்னை அந்த வேஷத்திலிருந்து எதற்காக எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், சார்.